வளர்ப்புப் பெற்றோரும் பதின்வயதுப் பிள்ளைகளும்

வளர்ப்புப் பராமரிப்பு என்பது, பெற்றோருடன் வாழ இயலாத ஒரு குழந்தையை அரசின் மேற்பார்வையில் வேறொரு குடும்பம் குறிப்பிட்ட காலத்துக்குத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பதாகும். இது தத்தெடுப்பு அன்று. தத்தெடுக்கப்பட்ட குழந்தை சட்டப்படி அக்குடும்பத்தின் பிள்ளையாகிவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் பெற்ற குடும்பத்துடனான சட்ட உறவு நீங்குவதில்லை. குடும்பத்திலிருந்து மெல்ல விலகித் தன் அடையாளத்தைத் தேடுவது பதின்வயதின் இயல்பு. வளர்ப்புப் பிள்ளையோ அதே வயதில் புதிய குடும்பத்தோடு ஒட்ட வேண்டியிருக்கிறது. வளர்ப்புப் பெற்றோர் எதிர்கொள்ளும் சிக்கல்களில் பல இந்த முரணிலிருந்தே எழுகின்றன.

இந்தியாவில் சட்ட நிலை

இளைஞர் நீதி (குழந்தைகளின் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றியது. குழந்தையை ஒப்படைக்கும் ஆணையைக் குழந்தைகள் நலக் குழு பிறப்பிக்கிறது. குடும்பத்தை ஆய்வு செய்வதும் தொடர்ந்து கவனிப்பதும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணி. கல்வி, உடல்நலம், உணவு ஆகியவை வளர்ப்புக் குடும்பத்தின் பொறுப்பு. மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2024இல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டுதல்கள், தனித்து வாழ்வோரும் வளர்ப்புப் பெற்றோராகலாம் என்றன. வளர்த்த பிள்ளையைத் தத்தெடுக்க விரும்புவோரின் காத்திருப்புக் காலமும் 5 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

முக்கியச் சவால்கள்

நம்பிக்கையின்மை: பலமுறை இடம் மாறிய பிள்ளை, இந்த வீடும் நிலைக்காது என்றே எண்ணி வருகிறது. பொய் சொல்வது, உணவை ஒளித்து வைப்பது, சொல்லாமல் வெளியே போவது போன்றவை பெரும்பாலும் திமிரால் வருபவை அல்ல. முந்தைய வாழ்வில் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்ற வழிகள். சில பிள்ளைகள் வேண்டுமென்றே சண்டை இழுத்து, தம்மை அனுப்பிவிடுகிறார்களா என்று சோதிப்பதும் உண்டு.

இரு குடும்பப் பற்று: வளர்ப்புத் தாயிடம் அன்பு காட்டுவது பெற்ற தாய்க்குச் செய்யும் துரோகம் எனப் பிள்ளைக்குத் தோன்றலாம். பெற்றோரைச் சந்தித்துத் திரும்பிய சில நாட்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிகாரக் குறைவு: அன்றாடப் பொறுப்பு முழுவதும் வளர்ப்புப் பெற்றோருடையது, ஆனால் சட்டப்படியான முடிவுகள் பலவற்றை அவர்களாக எடுக்க முடியாது. பள்ளிச் சுற்றுலாவுக்கோ நண்பர் வீட்டில் தங்குவதற்கோ அலுவலக அனுமதிக்குக் காத்திருந்தால், பிள்ளை சக மாணவர்கள் முன் கூச்சப்பட நேரிடும். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இத்தகைய அன்றாட முடிவுகளைப் பொறுப்புள்ள பெற்றோரைப் போலத் தாமே எடுக்க வளர்ப்புப் பெற்றோருக்கு வழிசெய்தது.

வீட்டுச் சூழல்: சொந்தப் பிள்ளைகளின் பொறாமை, விட்டுப்போன படிப்பு, கைபேசிப் பயன்பாடு ஆகியவற்றோடு, “யார் பெற்ற பிள்ளை?” என்று துருவும் உறவினர்களையும் சமாளிக்க வேண்டியுள்ளது.

சமாளிக்கும் வழிகள்

இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜில்லியன் ஸ்கோஃபீல்ட், மேரி பீக் ஆகியோர் உருவாக்கிய ‘பாதுகாப்பான தளம்’ என்னும் முறை ஐந்து கூறுகளை வலியுறுத்துகிறது: தேவைப்படும்போது உடனிருத்தல், பிள்ளையின் மனநிலையை உணர்தல், உள்ளபடி ஏற்றல், கலந்து முடிவெடுத்தல், குடும்பத்தில் ஒருவராக்குதல். இவற்றை நடைமுறையில் பின்வருமாறு கொள்ளலாம்:

• விதிகள் சிலவாகவும் மாறாதவையாகவும் இருக்கட்டும். அவற்றை வகுக்கும்போது பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும்.
• “அம்மா” என்று அழைக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. அத்தை, பெரியம்மா, ஆன்ட்டி என எது இயல்பாக வருகிறதோ அதுவே போதும்.
• பெற்ற தாய் தந்தையரை இழித்துப் பேசக் கூடாது. தன்னையே இழித்ததாகப் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.
• “சொல்பேச்சு கேட்காவிட்டால் அனுப்பிவிடுவேன்” என்று கோபத்திலும் சொல்லக் கூடாது. பிள்ளை அஞ்சிக்கொண்டிருப்பது அதைத்தான்.
• நேருக்கு நேர் உட்கார்த்தி விசாரிப்பதைவிடச் சமைக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பேசினால் பதின்வயதினர் எளிதாக மனம் திறப்பர்.
• பிற வளர்ப்புப் பெற்றோருடன் பேசுவதும் மனநல ஆலோசகரின் உதவியை நாடுவதும் பெற்றோரின் சோர்வைக் குறைக்கும்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், தற்கொலைப் பேச்சு, போதைப்பழக்கம் ஆகியவற்றை வீட்டுக்குள் மறைக்காமல் உடனே மருத்துவரிடமும் பாதுகாப்பு அலகிடமும் தெரிவிக்க வேண்டும்.

18 வயதுக்குப் பின்

18 வயது நிறைந்ததும் வளர்ப்புப் பராமரிப்பு சட்டப்படி முடிவடைகிறது. 16, 17 வயதில் பிள்ளையிடம் தோன்றும் பதற்றத்துக்கு இந்த அச்சமும் காரணமாகலாம். இந்தியச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 18 வயது நிறைந்து காப்பகத்தைவிட்டு வெளியேறுவோருக்கு நிதியுதவி வழங்க இடமளிக்கிறது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரு தரப்பும் விரும்பினால் 21 வயது வரை அதே குடும்பத்தில் தங்கலாம். வங்கிக் கணக்கு, சான்றிதழ்கள், சமையல், மேற்படிப்பு விண்ணப்பம் ஆகியவற்றை முன்கூட்டியே பழக்குவது பிள்ளைக்குத் துணிவு தரும். சட்டப் பொறுப்பு முடிந்தபின்னும் விடுமுறைக்கு வந்துபோக ஒரு வீடு இருக்கிறது என்ற உறுதியை வளர்ப்புப் பெற்றோரால் தர முடியும்.