“நாங்கள் பொறுப்பல்ல” என்று எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?
விலைக்கு வரும் விவசாய யோசனைகள்: செம்மேடு விவசாயிகள் அறிய வேண்டியவை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் செம்மேடு வரும். மிளகு, காபி, அன்னாசி, பலா, மரவள்ளி, சாமை, கேழ்வரகு ஆகியவை இப்பகுதியின் பயிர்கள். விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றை விலைக்கு வாங்கிப் பழகிய விவசாயிகளிடம் இப்போது யோசனையும் விலைக்கு வந்து சேருகிறது. ‘மிளகில் இரட்டை மகசூல்’, ‘ஏக்கருக்கு லட்ச ரூபாய்’ என்ற விளம்பரத்துடன் கைபேசி வழியாகப் பயிற்சி வகுப்பு, வீடியோ பாடம், மின்நூல் என்று பல வகையில் இவை விற்கப்படுகின்றன.

பணம் கட்டிய பிறகு பாடத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கும். ‘இதைப் பின்பற்றுவதால் ஏற்படும் எந்த நஷ்டத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல; பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்பதே அதன் சாரம். இதைப் படித்ததும் ‘எழுதியே கொடுத்துவிட்டார்கள், இனி என்ன செய்வது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட வேண்டியதில்லை.

சலவை ரசீது சொல்லும் பாடம்

இது புதிய வழக்கம் அல்ல. சென்னையில் ஒரு சலவை நிலையத்தில் வெளுக்கக் கொடுத்த புதுச்சேலை தொலைந்துபோயிற்று. துணி தொலைந்தால் அதன் மதிப்பில் 15 சதவீதம்தான் தரப்படும் என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டி, மீதியைத் தர நிலையம் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1966-ஆம் ஆண்டு சட்டத் தொகுப்பில் வெளியான அத்தீர்ப்பு, அந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்று கூறியது. அதை ஒப்புக்கொண்டால் அஜாக்கிரதையாக இருப்பவருக்கே லாபம் என்றாகிவிடும் அல்லவா? அச்சடித்துவிட்டதனால் மட்டும் ஒரு நிபந்தனை சட்டமாகிவிடாது.

விவசாயியும் நுகர்வோரே

‘விவசாயி விற்பனைக்காகப் பயிரிடுகிறார், ஆகவே அவர் நுகர்வோர் அல்ல’ என்று வாதிடுவோர் உண்டு. தேசிய விதைக் கழகம் தொடர்ந்த வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை அளித்தது. தரமற்ற விதையால் நஷ்டப்பட்ட விவசாயி நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்பது அத்தீர்ப்பு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்குபவரை நுகர்வோராகவே கருதுகிறது.

கையில் தொட முடியாத பாடத்துக்கும் இது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் மின்னணுப் பொருள்களையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டுள்ளன. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது இணைய வணிக நிறுவனங்களுக்கு அவ்விதிகள் இட்ட கட்டளை.

எதற்குப் பொறுப்பு, எதற்கு இல்லை?

இங்கேதான் விவசாயிகள் நிதானிக்க வேண்டும். மகசூல் குறைந்ததற்கெல்லாம் யோசனை சொன்னவரைப் பிடிக்க முடியாது. மழையும் நோயும் விலையும் யார் கையிலும் இல்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். மிளகு வாடல் நோயைத் தடுக்க 1 சதவீத போர்டோ கலவை தெளிப்பது வழக்கம். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ என்பது அளவு. பாடத்தில் அளவு சரியாகவே சொல்லப்பட்டு, விவசாயியும் சரியாகத் தெளித்து, அடைமழையில் தண்ணீர் தேங்கிக் கொடி வாடினால் பாடம் விற்றவர் மீது குற்றம் இல்லை. ‘பலன் இடத்துக்கு இடம் மாறலாம்’ என்று அவர் எழுதியிருந்தால் அது நியாயமான எச்சரிக்கை. அது அவரைக் காக்கும்.

மாறாக, பாடத்தில் சுண்ணாம்பின் அளவைக் குறைத்து எழுதிவிட்டார்கள், அதை நம்பித் தெளித்ததில் இலைகள் கருகின என்று வைத்துக்கொள்வோம். அது விற்றவரின் தவறு. ‘பொறுப்பல்ல’ என்ற ஒரு வரி அதற்குக் கேடயம் ஆகாது. அதுபோலவே, சமவெளியில் கிணற்றுப் பாசனத்தில் மட்டும் சோதித்த முறையை, 1,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலைத்தோட்டத்துக்கும் ஏற்றது என்று தெரிந்தே மறைத்து விற்றால் அதுவும் குற்றம். சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்றே 2019 சட்டம் வகைப்படுத்துகிறது.

தமிழில் ஆசை, ஆங்கிலத்தில் எச்சரிக்கை

விளம்பரங்களுக்காக மத்திய அரசு 2022 ஜூன் மாதம் நெறிமுறைகளை வெளியிட்டது. பொறுப்புத் துறப்பு வாசகங்கள் பற்றி அவை கூறுவதை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. விளம்பரம் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

2. விளம்பரத்துக்குப் பயன்படுத்திய அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

3. முக்கியமான தகவலை மறைக்க அதைப் பயன்படுத்தக்கூடாது.

4. பொய்யான விளம்பரத்தை எச்சரிக்கை வாசகத்தால் சரிக்கட்டக்கூடாது.

ஆகவே, ‘இரட்டை மகசூல் நிச்சயம்’ என்று தமிழில் முழங்கிவிட்டு, ‘நிச்சயம் இல்லை’ என்று ஆங்கிலத்தில் முணுமுணுப்பது செல்லாது. தவறான விளம்பரத்துக்காகத் தயாரிப்பவருக்கும், அதைப் பரிந்துரைக்கும் பிரபலங்களுக்கும் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பணம் கட்டுமுன் விற்பவரின் பெயர், முகவரி, ரசீது ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். இந்த முறை எந்த மண்ணில், எந்த உயரத்தில், எந்தப் பருவத்தில் சோதிக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்பது நல்லது. விளம்பரத்தைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கு என்று வரும்போது விளம்பரம் மறைந்துபோயிருக்கும். புதிய முறையை முதலில் பத்துக் கொடிகளில் மட்டும் செய்து பார்ப்பது எந்தச் சட்டத்தையும் விடப் பெரிய காப்பு. பயிர் கெட்டால் உடனே வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறை அலுவலரை அழைத்து வயலைக் காட்டி எழுத்தில் அறிக்கை பெற வேண்டும். நஷ்டம் அந்த யோசனையால்தான் வந்தது என்பதை மெய்ப்பிக்க அதுவே ஆதாரம்.

இலவசமாகக் கிடைத்த யோசனைக்கு நுகர்வோர் சட்டத்தில் வழக்கில்லை என்பதை மறக்கக்கூடாது. இலவச யோசனை வேண்டுவோர் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கேட்கலாம்.

புகார் செய்வது எப்படி?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. செம்மேட்டு விவசாயிக்கு அது நாமக்கல். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இணையம் வழியாகவும் மனுச் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும்.

விற்கும் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை

தம் அனுபவத்தை வீடியோவாகவோ நூலாகவோ விற்கும் முன்னோடி விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். ‘எதற்கும் பொறுப்பல்ல’ என்ற மொட்டை வாசகம் அவர்களைக் காக்காது. ‘இம்முறை சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகில், மானாவாரியாக, இன்ன ஆண்டுகளில் செய்து பார்த்தது; மற்ற இடங்களில் பலன் மாறலாம்; முதலில் சிறிய அளவில் செய்து பாருங்கள்’ என்று பணம் வாங்குமுன்பே தமிழில் தெளிவாக எழுதினால், அது விற்பவரையும் காக்கும், வாங்குபவரையும் காக்கும். மருந்தின் அளவுகளை வெளியிடுமுன் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டிச் சரிபார்த்துக்கொள்வதும், தவறு தெரிந்தவுடன் வாங்கியவர்கள் அனைவருக்கும் திருத்தம் அனுப்புவதும் அவசியம்.

உள்ளதைச் சொல்லும் எச்சரிக்கையைச் சட்டம் மதிக்கிறது. தவறை மூடும் எச்சரிக்கையை அது மதிப்பதில்லை. விவசாயிகள் இந்த வேறுபாட்டை அறிந்து, ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி வைத்துப் பயன் அடையலாம்.