ஆட முடியாத ஆண்டில் உருவான பயிற்றுநர்

கூடைப்பந்து என்றாலே உயரம்தான் நினைவுக்கு வரும். பெக்கி ஹேமனின் உயரமோ ஐந்தடி ஆறு அங்குலம்தான். பள்ளி அணியில் ஆகக் குட்டையான என் மகளுக்குச் சொல்வதற்காகத்தான் இவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். உயரத்தைவிடப் பெரிய செய்தி அதில் இருந்தது.

1977ல் அமெரிக்காவின் சவுத் டகோட்டாவில் பிறந்தவர். கல்லூரி ஆட்டங்களில் புள்ளிகளைக் குவித்தும், 1999ல் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ புதியவர்களைத் தேர்வு செய்த நாளில் ஓர் அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. பிறகுதான் நியூயார்க் லிபர்ட்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. மாற்று ஆட்டக்காரராகத் தொடங்கி, 2007ல் சான் அண்டோனியோ அணிக்கு மாறி, மொத்தம் 16 பருவங்கள் ஆடினார். ஆறு முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். லீக் கிண்ணம் மட்டும் கைக்கு வரவே இல்லை.

அமெரிக்க ஒலிம்பிக் அணியும் அவரை முதலில் கண்டுகொள்ளவில்லை. மாஸ்கோ அணி ஒன்றுக்கு ஆடிவந்தவர், ரஷ்யக் குடியுரிமை பெற்று 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்காகக் களமிறங்கினார். நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற ஏச்சு கிடைத்தது, வெண்கலமும் கிடைத்தது. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது?

2013ல் இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. வயது 36. பலர் அதோடு மூட்டை கட்டியிருப்பார்கள். ஹேமனோ அதே ஊரின் ஆண்கள் அணியான ஸ்பர்ஸின் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தார். அதன் தலைமைப் பயிற்றுநர் கிரெக் போபோவிச் ஏற்கெனவே அறிமுகம். 2012 லண்டன் ஒலிம்பிக் முடிந்து திரும்பிய விமானத்தில் இருவருக்கும் அருகருகே இருக்கை. பயிற்றுநர்களின் கூட்டம், ஆட்டக் காணொளி அலசல் எல்லாவற்றிலும் அவருக்கு இடம் கிடைத்தது. கேட்டபோது தம் கருத்தை ஒளிக்காமல் சொன்னார்.

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். குட்டையான ஆட்டக்காரர் எம்பிக் குதித்துப் பந்தைப் பறிக்க முடியாது. யார் எங்கே ஓடுவார், இடைவெளி எப்போது திறக்கும் என்று ஒரு நொடி முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். அப்படியே ஆடிப் பழகிய கண்ணுக்கு, ஓராண்டு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது வீண்போகவில்லை.

2014 ஆகஸ்டில் ஸ்பர்ஸ் அவரைத் துணைப் பயிற்றுநராக நியமித்தது. என்பிஏவில் முழுநேரமாக அப்பொறுப்பேற்ற முதல் பெண் அவர். மறு ஆண்டே லாஸ் வேகஸ் கோடைக்கால லீக்கில் ஸ்பர்ஸின் இளையர் அணியை வெற்றிபெறச் செய்தார். 2020 டிசம்பர் 30ஆம் தேதி, லேக்கர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே போபோவிச் வெளியேற்றப்பட்டார். போகும்போது ஹேமனை நோக்கிக் கைகாட்டினார். நம் நேரப்படி அது மறுநாள் காலை. ஸ்பர்ஸ் தோற்ற அந்த ஆட்டம் வரலாறாகிவிட்டது.

ஆனால், கதவு முழுதாகத் திறக்கவில்லை. தலைமைப் பொறுப்புக்கு அவர் பெயர் அடிபட்டதோடு சரி. என்பிஏ அணி எதுவும் இதுவரை ஒரு பெண்ணை அந்தப் பதவியில் நியமித்ததில்லை. எட்டுப் பருவங்கள் அருகிலிருந்து பார்த்த பிறகும் இன்னும் என்ன தகுதி வேண்டுமாம்?

2022ல் டபிள்யூஎன்பிஏவின் லாஸ் வேகஸ் ஏசஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுநரானார். ஆட்டக்காரராக 16 பருவங்களில் கிட்டாத கிண்ணம் முதல் பருவத்திலேயே வந்தது. 2023ல் மீண்டும் வென்றார். இறுதிச் சுற்றில் வீழ்ந்தது அவருடைய பழைய லிபர்ட்டி. அதே 2023ல், ஒரு வீராங்கனையின் கர்ப்பத்தைப் பற்றி அவர் பேசியவிதம் குறித்து எழுந்த புகாரில் லீக் அவருக்கு இரண்டு ஆட்டத் தடை விதித்தது. தாம் தவறு செய்யவில்லை என்கிறார் ஹேமன். சாதனையைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

2025 ஆகஸ்டில் ஏசஸ் 53 புள்ளி வித்தியாசத்தில் மினசோட்டாவிடம் படுதோல்வி கண்டது. பாதி ஆட்டங்களில் தோற்றிருந்த அணி. அதற்குப் பிறகு வழக்கமான பருவத்தில் எஞ்சிய 16 ஆட்டங்களிலும் வென்று, அக்டோபரில் ஃபீனிக்ஸை 4-0 எனச் சாய்த்து மூன்றாவது கிண்ணத்தைத் தூக்கியது.