குட்டி போட்ட இயந்திரம் தெரியுமா?

ஓர் இயந்திரம் குட்டி போடுமா? போட்டிருக்கிறது! இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ‘ரெப்ராப்’ திட்டத்தின் முப்பரிமாண அச்சு இயந்திரம், தனக்கு வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சடித்தது. அவற்றைப் பூட்டி 2008 மே 29 அன்று குட்டியை ஓட்டினார்கள். ஓடிய சில நிமிடங்களில் அது என்ன செய்தது தெரியுமா? பேரனுக்கான முதல் பாகத்தை அச்சடித்தது! பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஒரு சின்னத் துண்டு. முதல் மாடலுக்கு டார்வின், அடுத்ததற்கு மெண்டல் என்று பெயர் வைத்தார்கள். எத்தனை பொருத்தம்!

வேலை செய்யும் விதம் நம்மூர் சந்தகை பிழிவதுதான். பொதுவாக 1.75 மி.மீ. பிளாஸ்டிக் இழை ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் உருகி, 0.4 மி.மீ. துளை வழியே வரிவரியாக இறங்கும். ஒவ்வோர் அடுக்கும் ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிமன்தான். மக்காச்சோள மாவிலிருந்தும் அந்த இழை தயாராகிறது. உடுமலைக் காட்டில் விளைகிற அதே மக்காச்சோளம்!

போயர் வரைபடங்களை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகினால் இருபதாவது சுற்றில் எத்தனை தெரியுமா? பத்து லட்சத்துக்கும் மேல்! வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், கிரைண்டர் குமிழ் உடைந்தால் கடைகடையாக அலைய வேண்டாம். பழைய தறிக்குக் கிடைக்காத பிளாஸ்டிக் பல்சக்கரத்தைப் பல்லடத்துக்காரர் வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாம். உதிரிபாகம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தானே இத்தனை நாள் நம் குடுமி இருந்தது!

ஆனால் இந்த வம்சவிருத்தி கோவைக்குப் புதிதே இல்லை. கடைசல் இயந்திரமான லேத்தை இயந்திரங்களின் தாய் என்பார்கள். ஒரு லேத்தின் லீடு ஸ்க்ரூ என்ற மரைத்தண்டைக் கடைவது இன்னொரு லேத்து. தாயின் மரையில் பிசகு இருந்தால் பிள்ளைக்கும் இறங்கிவிடும்! கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குள் நடப்பது இந்தப் பிரசவம்தான். ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் 1937இல் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை உருவாக்கியதும் இதே ஊரில்!

ரெப்ராப்பால் அடிக்க முடிந்தது, திருகும் நட்டும் போக, தன் பாகங்களில் ஏறத்தாழ பாதிதான். மீதி என்ன தெரியுமா? இரும்புத் தண்டு, மோட்டார், மின்சுற்று... அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் இறங்கும் பித்தளை மூக்கு. அதில் 0.4 மி.மீ. துளை போட, முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் குட்டியும் லேத்துப் பட்டறை வாசலுக்குத்தான் வந்து நிற்கிறது!