உவர்நீர்த் தொட்டியில் ஒளிந்திருக்கும் மின்சாரம்

வீட்டிற் கடல்மீன் வளர்ப்போர் தொட்டிநீரைத் தொட்டதும் விரலிற் சுரீரென்ற உணர்ச்சி தோன்றுமாயின், அதனை அலட்சியஞ் செய்தலாகாது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஆதலின் அது குழாய்நீரினும் பன்மடங்கு எளிதாக மின்னைக் கடத்தும். சூடாக்கியின் கண்ணாடியிலோ பம்பியின் உறையிலோ கண்ணுக்குப் புலப்படாத ஒரு வெடிப்பிருந்தாற் போதும். 230 வோல்ற்று மின்சாரம் நீருட் புகுந்துவிடும்.

பழுதுற்ற கருவியைக் கண்டறிவது எங்ஙனம்? நீரிற் கையிடாது, மல்ரிமீற்றரை ஆடலோட்ட மின்னழுத்த அளவையில் வைத்து, ஒரு முனையை நீரிலும் மற்றதைப் புவியிணைப்பிலும் தொடுக. பின்னர் உலர்ந்த கையுடன் கருவிகளை ஒவ்வொன்றாக மின்னிணைப்பிலிருந்து கழற்றுக. எதனைக் கழற்றியதும் அளவு திடீரென வீழ்கின்றதோ, அதுவே ஐயத்துக்குரியது. நற்கருவிகளும் தூண்டலாற் சிறிது மின்னழுத்தங் காட்டுவதுண்டு. அப்பொழுது அளவு ஒவ்வொன்றுக்குஞ் சிறிது சிறிதாகவே குறையும்.

பழுதுற்றதை ஒட்டிப் பயன்படுத்தாது அகற்றிவிடுக. நீருக்குப் புவிக்கம்பி இடுதல் மாத்திரம் பரிகாரமன்று. 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ரிப் சுவிச்சும் இன்றியமையாதது. அஃது இருப்பினும், எல்லா இணைப்புக்களையுங் கழற்றாது வீட்டில் எவருந் தொட்டியிற் கையிடலாகாது.