சட்டத்தில் இருந்த உரிமை, வாழ்வில் இல்லாத உரிமை: சோவியத் அனுபவம்

1936 டிசம்பர் 5ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட, ஸ்டாலின் அரசியலமைப்பு என்று பின்னர் வழங்கப்பட்ட அடிப்படைச் சட்டம், குடிமக்களின் உரிமைகளைப் பொறுத்தவரை அக்காலத்தின் மிகத் தாராளமான ஆவணங்களுள் ஒன்றாகும். பேச்சு, பத்திரிகை, கூட்டம், ஊர்வலம் ஆகியவற்றுக்கான உரிமையை அதன் 125ஆம் பிரிவு வழங்கியது. நீதிமன்றத்தின் தீர்ப்போ அரசு வழக்கறிஞரின் ஒப்புதலோ இல்லாமல் யாரையும் கைது செய்யக்கூடாது என்று 127ஆம் பிரிவு கூறியது. வீட்டின் புனிதத்தையும் கடிதங்களின் மறைவையும் அடுத்த பிரிவு காத்தது.

ஆயினும் அந்த உரிமைகளின் வாயிலிலேயே ஒரு காவல் நின்றது. உழைக்கும் மக்களின் நலனுக்கு ஏற்பவும், சோஷலிச அமைப்பை வலுப்படுத்துவதற்காகவுமே பேச்சுரிமை அளிக்கப்படுவதாக 125ஆம் பிரிவு தொடங்கியது. அந்த நலன் எது என்று தீர்மானிக்கும் அதிகாரமோ, எல்லா அமைப்புகளுக்கும் வழிகாட்டும் மையம் என 126ஆம் பிரிவு அறிவித்த கம்யூனிஸ்ட் கட்சியின் கையில் இருந்தது. உரிமையை வழங்குபவரும், அதன் எல்லையை வகுப்பவரும், மீறலை விசாரிப்பவரும் ஒரே தரப்பாக இருக்கும்போது, குடிமகன் முறையிட வேறு இடம் இருப்பதில்லை. சட்டத்தை அரசியலமைப்போடு ஒப்பிட்டு, முரணானதைச் செல்லாது என அறிவிக்கும் நீதிமன்றம் அங்கு இல்லை. இதுவே குறையின் வேர் எனலாம். சொற்களில் இருந்த பஞ்சம் அன்று.

விளைவு விரைவில் தெரிந்தது. 1937 ஜூலை இறுதியில் பிறப்பிக்கப்பட்ட 00447ஆம் எண் இரகசிய ஆணை, வட்டாரம் வட்டாரமாக எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று எண்ணிக்கை வகுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் இல்லாமலே அவரது உயிரை முடிவுசெய்தது ‘திரோய்க்கா’ எனப்பட்ட மூவர் குழு. பொதுவாக இரகசியக் காவல்துறை அதிகாரியும் கட்சிச் செயலாளரும் அரசு வழக்கறிஞரும் அதில் அமர்ந்தனர். கைதைத் தடுக்க வேண்டியவரே தண்டிப்பவராகவும் ஆன இந்த ஏற்பாட்டில் 127ஆம் பிரிவு ஒரு வரிகூடத் திருத்தப்படாமலே செத்துப்போனது. 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுட்டுக்கொல்லப்பட்டவர்கள் 6,80,000 பேருக்கும் மேல் என்று சோவியத் ஆவணங்களே காட்டுகின்றன. அரசியலமைப்பை வரைந்த குழுவில் இருந்த நிகொலாய் புகாரினும் 1938 மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அன்றாட வாழ்விலும் இதே இடைவெளி நிலவியது. இரகசிய வாக்கெடுப்பு உறுதியளிக்கப்பட்டிருந்தும், 1937 டிசம்பர் தேர்தலில் தொகுதிக்கு ஒரே வேட்பாளரே நின்றார். வேலைக்கான உரிமை எழுதப்பட்டிருந்தும், 1940 ஜூன் ஆணைக்குப் பிறகு அனுமதியின்றி வேலையை விடுவது சிறைக்குரிய குற்றமாயிற்று. இருபது நிமிடத் தாமதம்கூடத் தண்டனைக்கு உரியதாயிற்று. கூட்டுப்பண்ணை விவசாயிகளுள் பெரும்பாலோருக்கு நகரில் குடியேறத் தேவையான உள்நாட்டுக் கடவுச்சீட்டு 1970களின் நடுப்பகுதி வரை வழங்கப்படவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்த எழுத்து வீண் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை அறுபதுகளின் எதிர்ப்பாளர்கள் நிறுவினர். 1965 டிசம்பர் 5 அன்று, அதாவது அரசியலமைப்பு நாளிலேயே, கணிதவியலாளர் அலெக்சாண்டர் எசேனின்-வோல்பினின் முயற்சியால் மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் சிலர் கூடினர். கைதான எழுத்தாளர்கள் சின்யாவ்ஸ்கி, தானியல் இருவருக்கும் வெளிப்படையான விசாரணை வேண்டும் என்றும், சோவியத் அரசியலமைப்பை மதிக்க வேண்டும் என்றும் கோரினர். புதிய சட்டம் எதையும் அவர்கள் கேட்கவில்லை. அரசு தானே எழுதியதைக் கடைப்பிடிக்கவே கேட்டனர், அதனாலேயே அக்கோரிக்கை அரசைச் சங்கடப்படுத்தியது. கூட்டம் சில நிமிடங்களில் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே, பொது ஒழுங்கைக் குலைக்கும் கூட்டுச் செயல்களைத் தண்டிக்கும் புதிய பிரிவு குற்றவியல் சட்டத்தில் சேர்ந்தது. 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியா மீதான படையெடுப்பைக் கண்டித்துச் செஞ்சதுக்கத்தில் அமர்ந்த எண்மருள் சிலர் அந்தப் பிரிவின்கீழேயே தண்டிக்கப்பட்டனர்.

1977இன் புதிய அரசியலமைப்பு உரிமைகளின் பட்டியலை இன்னும் நீட்டியது. அதே வேளையில் அதன் 6ஆம் பிரிவு கட்சியைச் சமூகத்தை வழிநடத்தும் சக்தி என அறிவித்தது. கட்சியின் தனியுரிமைக்கு அரணாக நின்ற அந்தப் பிரிவு 1990 மார்ச்சில்தான் திருத்தப்பட்டது.