நாயின் மடிக் கட்டி: காட்டிக் கொடுக்கும் புரதம்

நாய்க்குமா புற்றுநோய் என்று வியப்போர் நம்மவரில் பலர் உண்டு. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981இல் தொடங்கிய ஆர்.சி.சி.யை அறியாத தமிழர் இங்கில்லை. நாகர்கோவிலிலிருந்து உறவினரை அழைத்து வந்து அங்கே காத்திருந்தவர்களும் ஏராளம். மனிதரின் மார்பகக் கட்டியில் மருத்துவர்கள் தேடும் புரதங்களில் சில, நாயின் மடிக் கட்டியிலும் இருக்கின்றன.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு மிகுதியாக வருவது மடிக் கட்டிதான். அவற்றில் ஏறத்தாழப் பாதி புற்றுநோய். எது சாது, எது பொல்லாதது என்று தடவிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெல்லிய சீவலாக்கி, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பொருளைச் சேர்த்துச் சாயம் ஏற்றுகிறார்கள். புரதம் உள்ள இடம் மைக்ராஸ்கோப்பில் பழுப்பாகத் தெரியும். கே.ஐ.67 என்ற புரதம் பெருகும் செல்களில்தான் காணப்படும். பழுப்பு மிகுந்தால் கட்டி வேகமாக வளர்கிறதென்று பொருள். (ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது, 67 என்பது சோதனைத் தட்டில் இருந்த குழியின் எண்!)

இரத்தத்தில் சி.ஏ.15-3 என்ற புரதத்தை அளந்தும் பார்க்கிறார்கள். ஆனால் கட்டியையே சோதிப்பதற்கு அது ஈடாகாது.

இந்தச் சோதனை எல்லா மாட்டாஸ்பத்திரியிலும் நடப்பதல்ல. கைக்குத் தெரியும் கட்டிக்கோ எந்தக் கருவியும் வேண்டாம். வாசலில் சோறு வைத்து வளர்க்கும் நாயானாலும், மாதம் ஒருமுறை மடியைத் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் குறைந்துவிடுகிறது.