தட்டுக்கு ஒரு பூட்டா, அலமாரிக்கு ஒரு பூட்டா?

நூல்நிலையம் ஒன்றை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். எந்த நூல் எந்தத் தட்டில் உள்ளது என்பதைக் கூறும் பேரேடு உள்ளறையில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எழுந்து சென்று அதைப் புரட்டினால் பொழுது வீணாகும். ஆகவே நூலகர், அடிக்கடி வேண்டப்படும் இடங்களை ஒரு துண்டுத்தாளில் குறித்து மேசைமீதே வைத்துக்கொள்கிறார்.

கணினியின் செயலியும் இதையே செய்கிறது. நிரல் கூறும் முகவரி வேறு. நினைவகத்தில் அதற்குரிய உண்மையான இடம் வேறு. இரண்டையும் இணைத்துக் காட்டும் பேரேடே பக்க அட்டவணை. மேசைமேல் உள்ள துண்டுத்தாளுக்கு டி.எல்.பி. என்று பெயர்.

கருவிகளினுள் பொதிந்து பணிபுரியும் சிறு செயலிகளில் இத்தாள் மிகச் சிறியது. தொலைத்தொடர்புக் கருவிகளில் இடம்பெற்ற மோட்டோரோலா எம்.பி.சி. 860 என்னும் பவர்பிசி செயலியில், தரவுக்கான டி.எல்.பி.யில் 32 வரிகளே உண்டு. வரிக்கு 4 கிலோபைட் கொண்ட ஒரு பக்கம் எனில், மொத்தம் 128 கிலோபைட்டே அதில் அடங்கும். அதற்கு அப்பாற்பட்ட இடம் வேண்டுமானால், மென்பொருள் பேரேட்டைப் புரட்டியாக வேண்டும். ஆனால் இச்செயலி 8 மெகாபைட் கொண்ட பெரும் பக்கங்களையும் கையாளும். அப்போது அதே 32 வரிகளில் 256 மெகாபைட் அடங்கிவிடும். இவ்விரைவைக் கருதியே, லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியாகிய கெர்னல், தன் நினைவகத்தைப் பெரும் பக்கங்களாக வகுத்துக்கொள்கிறது.

அங்ஙனமாயின் சிறு பக்கங்கள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்திற்கு ஒரு பூட்டுத்தான் உண்டு என்பதே விடை. அலமாரி முழுவதற்கும் ஒரே பூட்டுப் போட்டால், ஒரு தட்டை மட்டும் தனியே பூட்ட இயலாது அல்லவா? பயன்படுத்தி விடுவித்துவிட்ட இடத்தை ஒரு நிரல் பிழையாக மீண்டும் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்விடம் அதற்குள் வேறொரு பணிக்கு உரியதாகியிருக்கலாம். தவறு நிகழ்வது ஓரிடத்தில். கருவி நிலைகுலைவதோ நெடுநேரம் கழித்து வேறோரிடத்தில். விடுவித்த ஒவ்வொரு சிறு பக்கத்தையும் உடனே பூட்டிவிட்டால், தொட்ட கணத்திலேயே பிழை அகப்படும்.

விரைவு வேண்டுமா, காவல் வேண்டுமா என்னும் இத்தேர்வைக் கெர்னலை உருவாக்கும்போதே முடிவு செய்துவிட்டால், மனம் மாறும் போதெல்லாம் அதை மறுபடியும் உருவாக்க நேரிடும். ஆகையால், கருவி தொடங்கும்போது கெர்னலுக்கு அளிக்கப்படும் கட்டளை வரியில் ஒரு சொல்லைச் சேர்க்க முன்பு வழி செய்திருந்தனர்; பின்னர் அது நீக்கப்பட்டது. என்.ஓ.எல்.டி.எல்.பி.எஸ். என்னும் எழுத்துக்களால் ஆன அச்சொல்லுக்கு, 'பெரும் பக்கங்கள் வேண்டா' என்பது பொருள். நினைவகத்தை வகுக்குமுன் கெர்னல் அதைப் படித்தறிய வேண்டியிருந்தது. வகுத்த பின் கூறிப் பயனில்லை. ஆகவேதான் அது தொடக்கத்திலேயே இடம்பெற்றது.

களத்தில் உழைக்கும் கருவிக்குப் பெரும் பக்கம் ஏற்றது. பிழை தேடும் மேசையில் சிறு பக்கம் ஏற்றது. அன்று இரண்டுக்கும் கெர்னல் ஒன்றே; வேற்றுமை ஒரு சொல்லில் அடங்கியிருந்தது.